ஒதுக்கித் தருகிறார்களா, ஒதுக்கி வைக்கிறார்களா?

சில வாரங்களுக்கு முன் ஆவடி வட்டாரக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு வாக்கெடுப்பு போட்டார்கள். "ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, பாலத்துக்கு அடியில் படுத்துக் கிடப்பவர்களை எல்லாம் ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குடிவைக்கலாமா?" ஆம் என்று போட்டவர்களே அதிகம். கைகூப்பும் பொம்மைகளும் இதயங்களும் குவிந்தன. பிறகு ஒருவர் எழுதினார்: "வெள்ளானூர் பக்கம் நிறைய காலி இடம் கிடக்கே, அங்க கொண்டு போய் விடலாம்."

அவ்வளவுதான். வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள். எங்கள் ஏரியாவிலா? மனை விலை என்ன ஆவது? பிள்ளைகள் எப்படி வெளியே போவார்கள்? ஒரு மணி நேரத்துக்கு முன் ஆம் என்று அழுத்திய அதே விரல்கள், "வெள்ளானூரில் வேண்டவே வேண்டாம்" என்று மனு தட்டத் தொடங்கின.

அரசு இப்படி எந்த அறிவிப்பும் செய்யவில்லை. இது வெறும் பேச்சுதான். ஆனால் அந்த மனுவை எடுத்துக்கொண்டு நம் மாணவத் தோழர்கள் இருவர் எங்களிடம் வந்தார்கள். "நாமளும் இதை எதிர்க்கிறோம் தானே தோழர், கையெழுத்து போட்டுடலாமா?" என்று கேட்டார்கள். போட முடியாது என்றோம். ஏன் என்பதை டீக்கடையில் நின்றபடி முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

வாக்கெடுப்பில் ஆம் போட்டவருக்கும் மனுவில் வேண்டாம் என்று எழுதியவருக்கும் ஒரே ஆசைதான்: அந்த மனிதர்கள் என் கண்ணில் படக்கூடாது. ஒருவர் அவர்களை நகரத்திலிருந்து வெளியே தள்ளப் பார்க்கிறார். மற்றவர் தன் தெருவிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கிறார். இந்த இரண்டில் எதற்கும் நாம் ஆள் சேர்க்க முடியாது.

தமிழில் 'ஒதுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிதி ஒதுக்குகிறார்கள், இடம் ஒதுக்குகிறார்கள். அது கொடுப்பது. ஒருவரை ஒதுக்கி வைக்கிறார்கள், ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்குகிறார்கள். அது பறிப்பது. வீடற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எது நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். நம் மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊருக்கு வெளியே, ஓடைக்கு அப்பால், தாழ்வான நிலத்தில் "உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம்" என்ற பெயரில்தான் சேரி இருக்கிறது. அங்கிருந்து வந்து வேலை செய்யலாம், வேலை முடிந்ததும் அங்கேயே திரும்பிப் போய்விட வேண்டும்.

இன்றைய திருவள்ளூர் மாவட்டம், நம் வெள்ளானூர் உட்பட, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் மையமான செய்திகளில் ஒன்று, அம்மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை என்பது. மிராசுதாருக்குக் கோபம் வந்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. காலடியில் இருக்கும் மண் நமதில்லை என்றால் நம் குரலும் நமதில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து நடைபாதையில் படுக்கும் ஒருவரை நள்ளிரவில் தட்டி எழுப்பி "கிளம்பு" என்று சொல்லும்போதும் அதேதான் நடக்கிறது. மிராசுதாரின் இடத்தில் இப்போது ஒரு சீருடை நிற்கிறது.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது நல்ல கட்டடம் கட்டித்தானே கொடுக்கிறார்கள்" என்பார்கள். சரி, புதிய கதைக்கே வருவோம். சென்னை இந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டியது. அந்தக் கட்டடங்கள் இன்றும் நகரத்தின் நடுவே நிற்கின்றன. அவற்றில் பிறந்த பிள்ளைகள் நடந்தே கல்லூரிக்குப் போனார்கள். பிறகு கொள்கை மாறியது. நகரத்துக்குள் குடிசைப் பகுதிகளைச் சட்டப்படி அறிவித்து அங்கீகரிப்பது 1985க்குப் பிறகு பல பத்தாண்டுகள் நின்றே போனது. 2000இல் கண்ணகி நகர். அதன்பின் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். மேற்கே நம் பக்கம் கூடப்பாக்கம். கூவம் சீரமைப்புக்காக மட்டும் சுமார் 14 ஆயிரம் குடும்பங்களை அகற்றக் கணக்கெடுத்தார்கள். 2021இல் வாரியத்தின் பெயரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். வாழ்விடம் எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

2019 டிசம்பர் இறுதியில் தீவுத்திடல் அருகே கூவக்கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை இடித்தார்கள். சத்தியவாணி முத்து யார் என்று இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திமுகவின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர், 1967 அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண், பிறகு தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தை நிறுவியவர். அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பை, பள்ளி ஆண்டின் நடுவில், தேர்வு நெருங்கும் நேரத்தில் இடித்து, மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிள்ளைகளின் பள்ளி ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம், நடுவே இரண்டு பஸ்.

போன இடத்தில் என்ன ஆனது? வேலைக்குப் போகும் இடத்தில் முகவரியாகக் கண்ணகி நகர் என்று சொன்னால் முகம் மாறுகிறது, அதனால் வேறு ஏரியாவின் பெயரைச் சொல்கிறோம் என்று அந்த இளைஞர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். வீடு கிடைத்தது, பெயர் போனது. சாதிப் பெயரை மறைக்கத் தேவையில்லாத நகரத்தைத் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பின்கோடை மறைக்கிறார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் குடிசை இருந்தவர்கள். கணக்கெடுப்பும் டோக்கனும் சாவியும் கிடைத்தவர்கள். நடைபாதையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் வீடற்றவர்கள் என்று சொன்னது. ஓர் இரவில் எண்ணிய எண்ணிக்கை அது. பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் சுருண்டு கிடந்தவரை, கடைத் திண்ணையில் இருந்தவரை, லாரிக்கு அடியில் இருந்தவரை எண்ணியிருப்பார்களா என்று நீங்களே யோசியுங்கள்.

அவர் ஏன் அங்கே படுக்கிறார்? எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா கோயம்பேட்டில் காய் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். லாரி வருவது ராத்திரி. வேலை தொடங்குவது இரண்டு, மூன்று மணிக்கு. அந்த நேரத்துக்கு எந்தப் புறநகரிலிருந்து எந்த பஸ் வரும்? "மகளிருக்குத்தான் இலவச பஸ் இருக்கே" என்று ஒருவர் சொன்னார். நல்ல திட்டம்தான். ஆனால் பஸ் ஓடாத நேரத்தில் இலவசத்தை வைத்து என்ன செய்வது? வேலை கூப்பிடும் தூரத்தில் படுத்திருந்தால்தான் அவருக்கு அன்றைய கூலி. அந்த நடைபாதைதான் அவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகம்.

இதைப் புரிந்துகொள்ளச் சமூகவியல் பட்டம் தேவையில்லை, கோயம்பேடு வியாபாரிகளைக் கேட்டாலே போதும். 2020 மே மாதம் கொரோனா பரவியபோது சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். மழை பெய்தது, இடம் சேறானது, வியாபாரம் படுத்தது. கோயம்பேட்டைத் திறந்துவிடுங்கள் என்று வியாபாரிகள் விடாமல் கேட்டார்கள். செப்டம்பரில் திறந்தது. பிழைப்பு இடத்தோடு ஒட்டியது என்று அவர்கள் சொன்னபோது அரசு நான்கே மாதத்தில் கேட்டுக்கொண்டது. அதே சந்தையில் மூட்டை தூக்குகிறவர் அதையே சொன்னால் மட்டும் "சொகுசு பார்க்கிறான்" என்கிறார்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றம், உணவுரிமை வழக்கில், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் வேண்டும் என்றது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பகத் திட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: வீடற்றவர்கள் கூடும் இடத்துக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் முடிந்தவரை பக்கத்திலேயே காப்பகம் இருக்கவேண்டும். ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை என்று அதுவே இடங்களைக் குறிப்பிடுகிறது. சென்னை மாநகராட்சி அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள் நோயாளிகளின் உடன் வருபவர்களுக்குக் காப்பகம் கட்டியிருக்கிறது. அது மருத்துவமனைக்குள் இருப்பதால்தான் பயன்படுகிறது. அதைக் கொண்டுபோய் வெள்ளானூரில் வைத்தால் யார் வருவார்கள்?

"காப்பகம் இருந்தாலும் அவர்கள் போவதில்லையே" என்பது அடுத்த வாதம். ஏன் போவதில்லை என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி. புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை, வயதுக்கு வந்த மகன் இன்னொரு மூலை என்றால் எந்தக் குடும்பம் போகும்? மூட்டையை வைக்க இடம் இல்லை. ராத்திரி வேலைக்குப் போய்விட்டு விடிந்து வந்தால் கேட் பூட்டியிருக்கும். வீடு என்றால் சேர்ந்து இருப்பது. அதை உடைத்துவிட்டுக் கூரையை மட்டும் காட்டினால், கூரை இல்லாமலே சேர்ந்து இருக்கலாம் என்று ஒருவர் முடிவெடுப்பது பைத்தியக்காரத்தனம் ஆகாது.

"நடைபாதை நடக்கத்தானே?" ஆமாம், நடக்கத்தான். பார்வையற்றவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அதில் போகவேண்டும். நடைபாதையில் வாழ்வது உரிமை என்று நாம் கொண்டாடவில்லை. லாரி ஏறிச் செத்தவர்களை நாம் அறிவோம். நடைபாதையிலிருந்து எழுந்து போக ஒரு வழி வேண்டும், அந்த வழி அவர் பிழைப்பை அறுக்காத வழியாக இருக்கவேண்டும் என்கிறோம். கடை நீட்டிப்பும் கார் நிறுத்தமும் விழுங்கிய நடைபாதையைப் பற்றி இதே குழுவில் யாராவது வாக்கெடுப்பு நடத்தினார்களா?

"ஒரே இடத்தில் வைப்பது" என்ற யோசனையின் கடைசிக் கட்டம் என்ன என்பதையும் நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. பிடித்து, நீதிமன்றத்தில் நிறுத்தி, அடைத்து வைக்க வழிசெய்த சட்டம் அது. அந்தச் சட்டத்தின் கீழான அரசு இல்லம் நம் திருவள்ளூர் மாவட்டத்து மேல்பாக்கத்தில் இருக்கிறது. வறுமைக்குத் தண்டனை, தண்டனைக்குப் பெயர் பராமரிப்பு. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகளை அங்கே ரத்து செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றம், தெருவில் பிச்சை எடுப்பதைத் தடைசெய்யக் கேட்ட மனுவில், அந்த மேட்டுக்குடிப் பார்வையை ஏற்க மறுத்தது.

நாடு நாடாக இதே கதைதான். 1981இல் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகளைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். அதை எதிர்த்த வழக்கில்தான் 1985இல், ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. அந்த ஓட்டை வழியாகத்தான் இன்றுவரை புல்டோசர் வருகிறது. 2023இல் ஜி20 மாநாட்டு ஆண்டில், டெல்லி சராய் காலே கானில் இரவுக் காப்பகத்தையே இடித்தார்கள். 2025 ஆகஸ்டில் டிரம்ப், வாஷிங்டனின் வீடற்றவர்கள் உடனே வெளியேறவேண்டும், தங்க இடம் தருவோம், ஆனால் தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் என்றார். நம் வாட்ஸ்அப் குழுவும் அமெரிக்க அதிபரும் ஒரே மொழி பேசுகிறார்கள். இடம் தருவோம், தூரத்தில் தருவோம்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஒரு தோழர் நேர்மையாகவே கேட்டார்: "அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டாரே?" கேட்டார். 1942 நாக்பூர் மாநாட்டில் அந்தக் கோரிக்கை எழுந்தது. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையிலும் எழுதினார். என்ன கேட்டார் என்று முழுதாகப் படியுங்கள். சாதி இந்துக்களை நம்பிப் பிழைக்கும் நிலையிலிருந்து விடுபட, அரசு தரிசு நிலத்தை எடுத்து, குடியமர்த்தும் ஆணையம் அமைத்து, பணம் ஒதுக்கி, பட்டியல் சாதியினர் தங்கள் நிலத்தில் தாங்களே பயிரிட்டு வாழும் ஊர்களை உருவாக்கச் சொன்னார். கேட்டவர்கள் அந்த மக்களே. போகிற இடத்தில் பிழைப்பு இருந்தது, நிலம் இருந்தது. இன்று சொல்லும் இடத்தில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை, போகிறவரை யாரும் கேட்கவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்குவது பாபாசாகேபைப் புரட்டுவது.

நகரத்துக்குள் இடமே இல்லை என்பதும் பொய். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகு அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார்கள். அப்படியானால் இடம் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் உயிர் எரியவேண்டியிருந்தது.

இனி அந்த மனுவுக்கு வருவோம். எங்களுக்கு வலித்தது வேறு ஒன்று. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நம் காலனி இளைஞர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராத தெருவில் இருப்பவருக்கு, இன்னும் நூறு குடும்பம் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. தூரத்துக் குடியிருப்புகளை எப்போதும் நம் மாதிரி மக்கள் இருக்கும் ஓரத்தில்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள், அண்ணா நகர் நடுவில் கட்டமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த மனுவின் வாசகம் தண்ணீர் பற்றிப் பேசவில்லை. "இப்படிப்பட்டவர்கள் வந்தால் சூழல் கெடும்" என்று எழுதியிருந்தது. நம் தாத்தாவைப் பற்றி, நம் தெருவைப் பற்றி, நமக்கு வாடகைக்கு வீடு கிடையாது என்று சொன்னவர்கள் பேசிய அதே வாக்கியம் இது. அதன் கீழே நம் கையெழுத்து வரக்கூடாது.

1955இல் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்டேஷன் வாசலில் படுத்திருப்பவரை அந்தச் சமுதாயத்தில் எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் தீரவில்லை.

அதனால் நாங்கள் வேறு ஒரு மனு எழுதுகிறோம். கேட்பவை நான்கு.

ஒன்று, ஆவடியில் 2011 கணக்குப்படியே 3 லட்சத்து 45 ஆயிரம் பேர். ஒரு லட்சத்துக்கு ஒன்று என்றால் குறைந்தது 3 காப்பகங்கள், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடக்கும் தூரத்தில். அதில் ஒன்றாவது குடும்பம் பிரியாமல் தங்குவதாக இருக்கவேண்டும்.

இரண்டு, இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்க வசதியும், மூட்டையைப் பூட்டி வைக்கப் பெட்டியும்.

மூன்று, முகவரி இல்லை என்று சொல்லி ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் மறுக்கக்கூடாது. காப்பகத்தின் முகவரியே போதும் என்று ஆக்கவேண்டும்.

நான்கு, நிரந்தர வீடு என்றால் வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அவர்களைக் கேட்காமல், எழுத்தில் சம்மதம் வாங்காமல், பள்ளி ஆண்டின் நடுவில், யாரையும் எங்கும் ஏற்றி அனுப்பக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் எத்தனை காப்பகம் இயங்குகிறது, எத்தனை பேர் தங்குகிறார்கள், எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம்தான். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் எங்களோடு ஸ்டேஷன் பக்கம் வாருங்கள். கேமராவை எடுத்து வரவேண்டாம். பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் படம் எடுக்கவும் வேண்டாம். உட்கார்ந்து, எந்த ஊர், என்ன வேலை, எங்கே இருந்தால் வசதி என்று கேளுங்கள். இத்தனை நாள் நடந்த விவாதத்தில் அவர்களிடம் யாரும் கேட்காதது அதுதான்.

மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையது. நம்முடையது அதற்குக் கீழே.

ஜெய்பீம்.